சாயக் கல்லைச் சாயக் கல் என்றே விற்போம்



வடநாட்டார் ஃபிரோஸா என்றும், நம் கடைகளில் டர்க்காய்ஸ் என்றும் சொல்லும் வான்நீலக் கல்லைப் பற்றி எழுதுகிறேன். ஈரானின் நிஷாபூர் சரக்குக்குப் பல நூற்றாண்டுப் பெயர் உண்டு.

அணிபவருக்கு ஆபத்து நெருங்கினால் கல் நிறம் மாறும் என்பது பழைய நம்பிக்கை. நிறம் மாறுவது மெய்தான், காரணம் வேறு. கல்லில் நுண்துளைகள் உண்டு. வியர்வையும் எண்ணெயும் அத்தரும் இறங்கினால் நீலம் பச்சையாகும். குளிக்கும்போது கழற்றி வைக்கச் சொல்லி விற்றால் பாதிப் புகார் குறையும்.

என் மனக்குறை ஹவ்லைட் பற்றியது. அந்த வெள்ளைக் கல்லில் நீலச் சாயமேற்றி ஃபிரோஸா என்றே பில் போடுகிறார்கள். நானும் ஏமாந்தேன். என்னிடம் மாலை வாங்கிய சில்லறைக் கடைக்காரர், வாடிக்கையாளர் ரவிக்கையில் நீலம் இறங்கிவிட்டதென்று திருப்பிக் கொண்டுவந்தார். முழுப் பணத்தையும் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

இப்போது சரக்கு வந்ததும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு, ஒரே ஒரு மணியின் துளையோரம் தேய்க்கிறேன். நீலம் ஒட்டினால் சரக்கு திரும்பிவிடும். (ஒட்டாததெல்லாம் அசல் என்று நம்பிவிடாதீர்கள். விலை கூடிய கல்லைப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.)

சாயக் கல் விற்பது தப்பில்லை. அழகாயிருக்கிறது, விலையும் குறைவு. பில்லில் ‘சாயமேற்றிய ஹவ்லைட்’ என்று எழுத மொத்த வியாபாரிகளான நமக்கு என்ன தயக்கம்? அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன்.