கன்றுக்கு நாம் பட்ட மூச்சுக் கடன்

மாணவர்களே, பிறந்த கன்று ஒன்று மூச்சுவிடாமல் கிடந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் நீர் வடியும். நுரையீரலில் இருந்த தண்ணீர் வெளியேறிவிட்டது என்று நிம்மதி அடைவார்கள். பல நாட்டுப் பண்ணைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம் இது.

ஆனால், அப்படி வடியும் நீரில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வருவது. அதோடு, தலைகீழாகத் தொங்கும்போது இரைப்பையும் குடலும் சரிந்து உதரவிதானத்தை அழுத்துகின்றன. மூச்சை உள்ளிழுக்கும் முக்கியத் தசையே அதுதான். உதவுவதாக எண்ணி, கன்றின் மூச்சுக்கு நாமே தடை போடுகிறோம்.

சரியான முதலுதவிக்குச் செலவு இல்லை. மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்து, கன்றை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்திப் படுக்க வைக்க வேண்டும். பின்னங்கால்களைத் தவளையைப்போல் முன்னோக்கி மடக்கிவிட்டால் இரண்டு நுரையீரல்களும் விரிய இடம் கிடைக்கும். மூக்குத் துளைக்குள் வைக்கோலால் சீண்டினாலோ, தலையில் குளிர்ந்த நீரை ஊற்றினாலோ, கன்று திடுக்கிட்டு மூச்சை இழுக்கக்கூடும்.

குறைமாதக் கன்றுக்கு இது போதாது. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். வெகு முன்னதாகப் பிறக்கும் கன்றின் நுரையீரலில் 'சர்ஃபக்டன்ட்' என்னும் பொருள் போதுமான அளவு சுரந்திருக்காது. உள்ளே நனைந்த பிளாஸ்டிக் பையின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சர்ஃபக்டன்ட் இல்லாத நுரையீரலின் காற்றறைகளும் அப்படித்தான் சுருங்கி மூடிக்கொள்ளும். அவற்றைத் திறந்து வைக்க ஆக்சிஜனும், தொடர்ந்து காற்றழுத்தம் கொடுக்கும் கருவியும் தேவை.

மனிதக் குழந்தைகளுக்கும் இதே சிக்கல் உண்டு. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, மூச்சுத் திணறலால் இரண்டே நாளில் இறந்தான். நாட்டின் அதிபராலும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாராவின் குழு, குறைமாதக் குழந்தைகள் 10 பேரின் நுரையீரலுக்குள் சர்ஃபக்டன்டைச் செலுத்தி நல்ல பலன் கண்டதாக அறிவித்தது. அந்த மருந்து எதிலிருந்து தயாரானது தெரியுமா? மாட்டின் நுரையீரலிலிருந்து! மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்படும் சர்ஃபக்டன்ட் இன்றும் குழந்தைகளின் உயிரைக் காக்கிறது.

அப்படியானால், அந்த அறிவு மாட்டுத் தொழுவத்துக்கும் திரும்பிச் செல்ல வேண்டாமா?

"ஒரு கன்றுக்காக இவ்வளவு செலவா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சர்ஃபக்டன்ட் மருந்து விலை உயர்ந்தது. எல்லாப் பண்ணைகளாலும் அதை வாங்க இயலாது. ஆனால், கையால் இயக்கும் காற்றுப் பம்பும் முகமூடியும் பெரிய மருத்துவமனைக் கருவிகள் அல்ல. கன்றை எப்படிப் படுக்க வைப்பது என்று கற்றுக்கொடுப்பதற்கோ காசே வேண்டாம். பால் தராத காளைக்கன்று என்பதற்காக அதையும் மறுப்பது சரியல்ல என்பது என் கருத்து.

உங்களில் சிலர் நாளை கால்நடை மருத்துவராகலாம். மற்றவர்கள், கன்றைத் தலைகீழாகத் தூக்கும் காணொளியை எங்காவது பார்த்தால், அது ஏன் தவறு என்று நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். கடனில் ஒரு பங்கை அப்படியும் அடைக்கலாம்.