எட்டு வருட மருத்துவப் படிப்பும் பதினேழு வயதுப் பிள்ளையும்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் அமெரிக்காவில் பள்ளி இறுதி வகுப்பில் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். இங்கே இருக்கும் தாத்தா பாட்டிகளும் படிக்கலாம். இதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

போன மாதம் நியூஜெர்சியில் இருந்து என் பழைய மாணவர் ஒருவர் பேசினார். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.) "சார், பையன் இந்த வருஷம் அப்ளை பண்றான். பி.எஸ்., எம்.டி. ரெண்டும் சேர்ந்த கோர்ஸ். அவனோட கட்டுரையை அனுப்பறேன், ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

நான் ஏன் மருத்துவராக விரும்புகிறேன் என்பது கட்டுரை. பாட்டிக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தது, ஆம்புலன்சில் போனது, டாக்டர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னது என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் இருந்தது. பையனிடம் பேச வேண்டும் என்றேன். போனைக் கொடுத்தார்.

"பாட்டி இப்போ எப்படி இருக்காங்கப்பா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பதில் இல்லை. "நல்லா இருக்காங்க தாத்தா. ஆனா எனக்கு அது ஞாபகம் இல்ல. நான் அப்போ ரொம்பச் சின்னப் பையன். அப்பாதான் அதை எழுதச் சொன்னாங்க."

சரி, உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் எத்தனை வகைத் தவளைகள் இருக்கின்றன, எது எந்த மாதத்தில் கத்தத் தொடங்கும், மூன்று வருடமாக அவற்றின் குரலைப் பதிவு செய்து குறிப்பேடு வைத்திருப்பது பற்றியெல்லாம் கால் மணி நேரம் பேசினான். முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுரையில் ஒரு தவளைகூட இல்லை.

விஷயம் தெரியாத உறவினர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததும் நேராக எம்.பி.பி.எஸ்.; நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. அமெரிக்காவில் அப்படி இல்லை. முதலில் நான்கு வருடம் ஏதாவது ஒரு பட்டப்படிப்பு, அதன் பிறகு எம்கேட் என்ற தேர்வு, பிறகு நான்கு வருடம் எம்.டி. அதற்குப் பின் மூன்று முதல் ஏழு வருடம் வரை ரெசிடென்சி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி 1893-ல் தொடங்கியபோதே பட்டம் பெற்றவர்களைத்தான் சேர்த்தது. 1910-ல் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு நாடு முழுவதும் அந்தப் பாதை நிலைபெற்றது.

இதில் ஒரு குறுக்கு வழிபோலத் தெரிவதுதான் இணைப்புத் திட்டம். பள்ளி முடிக்கும்போதே பட்டப்படிப்புக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் சேர்த்து ஒரே இடம். நம் மக்களுக்கு இது ஏன் இனிக்கிறது என்று எனக்குப் புரிகிறது. 2023-ல் அங்கே எம்.டி. படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் 52 ஆயிரத்துக்கும் மேல். சேர்ந்தவர்கள் 23 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இடமில்லை. இந்தக் கணக்கைப் பார்த்த எந்த அப்பாவுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். பதினேழு வயதிலேயே இடத்தைப் பிடித்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். அதில் தப்பில்லை. ஆனால் அந்த நிம்மதி அப்பாவுடையது. பிள்ளைக்கு அது வேண்டுமா என்று யாராவது கேட்டார்களா?

இந்தத் திட்டங்களுக்கு நான் எதிரி இல்லை. ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காகத் தொடங்கப்பட்டது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் எட்டு வருடத் திட்டத்தில் எம்கேட் கிடையாது. அறிவியல் அடிப்படைப் பாடங்களை முடித்துக்கொண்டு, வரலாறோ இசையோ கணிதமோ எதை வேண்டுமானாலும் முதன்மைப் பாடமாகப் படிக்கலாம். பரீட்சைப் பயமில்லாமல் பிள்ளை பரந்து படிக்கட்டும் என்பதுதான் நோக்கம். மிசௌரி மாநிலம் கன்சாஸ் சிட்டியில் 1971-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் ஆறே வருடம். முதல் வருடத்திலேயே நோயாளிகள் அருகே நிற்க வைத்துவிடுவார்கள். நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் 1973-ல் தொடங்கிய நகரப் பல்கலைக்கழகத் திட்டம் இன்று ஏழு வருடம். மருத்துவத் துறையில் குறைவாக இருக்கும் சமூகத்துப் பிள்ளைகளைக் கொண்டுவரவும், மருத்துவர் இல்லாத பகுதிகளுக்கு மருத்துவர் தரவும் உண்டானது அது. நோக்கம் மூன்று விதம். நம் வாட்ஸ்அப் குழுக்களில் இவை மூன்றும் ஒரே பட்டியலில், எத்தனை வருடம் மிச்சம் என்ற ஒரே கணக்கில் சுற்றுகின்றன. பட்டியல் பழையதாகவும் இருக்கிறது. 1961-ல் தொடங்கிய நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத் திட்டம் புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. பட்டியலில் இன்னும் முதலிடத்தில் இருக்கிறது!

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்திலும் நான்கு விஷயங்களைத் தேடிப் படியுங்கள்.

ஒன்று, குடியுரிமை. பல திட்டங்கள், குறிப்பாக அரசுக் கல்லூரிகள், குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே எடுக்கின்றன. எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு 21 வயதானால் அந்த விசாவே போய்விடும். ஓராண்டு உழைத்து எழுதிய பிறகு இது தெரிய வந்தால் பிள்ளை நொந்துபோகும்.

இரண்டு, நிபந்தனை. உறுதியான இடம் என்பார்கள். இத்தனை ஜி.பி.ஏ., சில இடங்களில் இத்தனை எம்கேட் மதிப்பெண் வேண்டும். தவறினால் இடம் போகும். எம்.டி. முடித்த பின் ரெசிடென்சிக்கு எல்லோரையும்போலப் போட்டியிடத்தான் வேண்டும்.

மூன்று, வெளியேறும் வழி. நடுவில் மனம் மாறினால் பட்டத்தோடு விலகலாமா? இடத்தை வைத்துக்கொண்டே வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா? சிலர் விடுவார்கள். சிலர் விண்ணப்பித்தாலே இடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள்.

நான்கு, பணம். 2026 ஜூலை முதல் மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் புதிதாகச் சேர்பவர்களுக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 50 ஆயிரம் டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர்தான். பல தனியார் கல்லூரிகளில் நான்கு வருடச் செலவு இதைத் தாண்டிவிடும். அதே நாட்டில் நியூயார்க் பல்கலைக்கழகம் 2018-லும் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி 2024-லும் கல்விக் கட்டணமே வேண்டாம் என்று அறிவித்தன. பதினேழு வயதில் ஒரு இடத்தில் கட்டிப்போட்டால் அந்த வாசல்களைத் தட்டும் வாய்ப்பும் போகலாம்.

இனி என் கதை. இதை எழுதத் தயங்கினேன். ஆனால் எழுதாமல் உங்களுக்கு அறிவுரை சொன்னால் அது நியாயமாகாது.

தொண்ணூறுகளில் ஒரு மாணவி. பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண். ஒருநாள் ஆசிரியர் அறைக்கு வந்து, "சார், நான் பி.எஸ்சி. மேத்ஸ் படிக்கலாம்னு இருக்கேன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அன்று மாலையே அவள் அப்பாவைப் பார்த்து, "கட்-ஆஃப் இருக்கும்போது மெடிக்கல் சீட்டை விடலாமாங்க?" என்று சொல்லிவிட்டு வந்தேன். சேர்ந்தாள். பள்ளி அறிவிப்புப் பலகையில் அவள் பெயரை நானே சாக்பீசால் எழுதினேன்.

இன்று அவர் ஓர் அரசு மருத்துவமனையில் நல்ல டாக்டர். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சோடு பேச்சாக அந்தக் கணக்குப் படிப்பைப் பற்றிக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கேன் சார். வேலை பிடிச்சுப்போச்சு. ஆனா அன்னைக்கு என்னை யாருமே கேக்கல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவரால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர் மருத்துவரானது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கேட்காமல் விட்டது தவறு. கேட்டிருந்தால் ஒருவேளை அவரே மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார். அப்போது அது அவருடைய முடிவாக இருந்திருக்கும்.

நம் ஊர் முறையில் கேட்பதற்கு நேரமே இல்லை. ரிசல்ட் வந்த கையோடு கவுன்சிலிங். அமெரிக்காவில் இருக்கும் உங்களுக்கு அந்த நேரம் நான்கு வருடம் கிடைக்கிறது. அதை வீண் என்று நினைக்காதீர்கள். பிள்ளை தானாக, "எனக்கு இதுதான் வேண்டும், இப்போதே வேண்டும்" என்று சொன்னால் தாராளமாக விண்ணப்பிக்கட்டும். இந்தத் திட்டம் அப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான். சொல்லாத பிள்ளைக்குச் சாதாரண வழியே நல்ல வழி. அதில் போனாலும் டாக்டர்தான். ஒரு வருடம் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம். குடி முழுகிப்போகாது.

கட்டுரையைப் பிள்ளையே எழுதட்டும். எழுத்துப்பிழையை மட்டும் பாருங்கள். தெரிந்த டாக்டரிடம் சொல்லி ஷேடோயிங் மணி நேரத்தைக் கணக்குக்குச் சேர்ப்பதைவிட, ஒரு முதியோர் இல்லத்தில் வாரம் ஒருநாள் சாப்பாடு பரிமாறட்டும். நோயும் முதுமையும் நாற்றமும் அங்கே தெரியும். திரும்பி வந்து என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: போனில் பேரனைப் பார்த்ததும் "என்ன டாக்டரே" என்று கூப்பிடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். நானும் அப்படிக் கூப்பிட்டவன்தான்.

நியூஜெர்சி மாணவரிடமும் இதையேதான் சொன்னேன். முதலில் அவருக்கு வருத்தம். இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு கூப்பிட்டு, "பையன் வேற கட்டுரை எழுதறான் சார். எனக்குக் காட்ட மாட்டேங்கறான்" என்றார். எந்தப் படிப்புக்கு என்று நான் கேட்கவில்லை.

உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். நான் சொன்னது தப்பென்றால் அவர்களே எனக்கு ஆங்கிலத்தில் எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் வாத்தியார்