பட்டா தாத்தா பெயரில், பாடு பேரன் தலையில்

இக்காலத்துப் பையன்களுக்கு உடம்பு வளையவில்லை என்று திண்ணையில் குறை சொல்வது எளிது. 1965-ல் ஆடுதுறை 27 ரகம் வந்தபோது, அதைக் குறுவையில் நட்டு மூட்டை உரம் இட்ட இளவட்டங்களை அன்றைய பெரியவர்கள் எல்லோருமா பாராட்டினார்கள்? அந்த இளவட்டங்களுக்கு இன்று வயது எண்பது. பேரன் ஒற்றை நாற்று நடலாம் என்றால், வயல் வெறிச்சென்று கிடக்கும் என்று தடுப்பவர்களில் அவர்களும் உண்டு. (நாலு வாரத்தில் தூர் கட்டிவிடும் என்பது வேறு விஷயம்.)

பட்டா பெரியவர் பெயரில். பயிர்க் கடனுக்குப் போனால் சிட்டாவில் உள்ள பெயரைத்தான் பார்க்கிறார்கள். நெல் விற்ற காசும் அவர் மடியில். ஐம்பதைத் தாண்டிய மகனே அவர் வாயைப் பார்த்து நிற்கும்போது, பேரன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகாமல் என்ன செய்வான்? அங்கே வாரக் கூலியாவது அவன் கையில் விழும்.

பெரியவர்களின் பயத்திலும் நியாயம் உண்டு. எழுதி வாங்கியபின் சோறு போடாத பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இதற்காகவே 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ஆம் பிரிவு உள்ளது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தான செட்டில்மெண்டில் எழுதிவைத்தால், பிள்ளை தவறும்போது கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். நிபந்தனையை எழுதாமல் விட்டால் வழக்கு இழுக்கும். பூர்வீக நிலமானால் பெண் மக்களுக்கும் பங்குண்டு. அவர்களையும் கூட்டிவைத்தே பேசவேண்டும்.

அதற்கு மனம் வராதவர்கள், ஒரு வயலையும் அதன் வரவு செலவையும் இரண்டு போகத்துக்குப் பேரனிடம் விட்டுப் பார்க்கட்டும்.