சத்திரத்தில் இடமுண்டோ?

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கிறிஸ்தவர் இல்லங்களில் ஓய்வென்பது ஒழிந்துபோகின்றது. சுவருக்கு வெள்ளையடிப்போர் ஒருபுறம். துணிக்கடைக்கும் தையற்கடைக்கும் நடப்போர் ஒருபுறம். அச்சுமுறுக்கும் அதிரசமும் சுட்டு அடுப்படியை விட்டகலாத அன்னையர் ஒருபுறம். கல்லூரி மாணவராகிய நமக்கோ கீத ஆராதனைப் பயிற்சியும், வீடுதோறும் பாடிச் செல்லும் பவனியும், விடுதி விருந்தும், ஊர்ப் பயணமும் ஒன்றன்மேலொன்றாய் வந்து நெருக்குகின்றன. யாருடைய பிறப்பை முன்னிட்டு இவை யாவும் நிகழ்கின்றனவோ, அவரை நினைக்க நமக்கு நேரமுண்டோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

கொண்டாட்டமே கூடாதென்பது எம் கருத்தென அன்பர்கள் எண்ணற்க. அவ்வழியும் ஒருகால் முயன்று பார்க்கப்பட்டதே. 1647-ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் முதலிய திருநாட்களை விலக்கிச் சட்டம் செய்தது. 1660-இல் முடியாட்சி மீண்டபோது திருநாளும் உடன் மீண்டது. சட்டத்தால் விளக்கை அணைக்கலாம். அதனால் உள்ளத்தில் பக்தி மூளாது. மேலும், மகிழ்ச்சி நற்செய்தியோடு உடன்பிறந்தது. அதனைக் கடிதல் நம் கருத்தன்று.

அங்ஙனமாயின் குறை யாது? லூக்கா எழுதின சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அகுஸ்து இராயனின் கட்டளைப்படி குடிமதிப்பு நடந்த காலம் அது. மக்கள் தத்தம் ஊருக்குப் பெயர்ந்து கொண்டிருந்தனர். சத்திரத்தில் இடமில்லாமற் போயிற்று என்று சுவிசேஷகர் சொல்கின்றாரேயன்றி, எவரேனும் வைது துரத்தினரென்று சொல்லவில்லை. நம் கிறிஸ்துமஸ் நாடகங்களில் கடுமொழி பேசிக் கதவடைக்கும் சத்திரக்காரன் சுவிசேஷத்தில் இல்லை. அவன் நம் கற்பனையே. இடம் நிறைந்திருந்தது, அவ்வளவே. பகைமையாலன்று, நெருக்கடியாலேயே பாலகர் முன்னணையிற் கிடத்தப்பட்டார். நமக்கும் நேரக்கூடிய குற்றம் இதுவே. நம்முள் கிறிஸ்துவை வெறுப்பார் எவருமிலர். ஆயினும் நம் நாட்கள் நிறைந்துகிடக்கின்றன.

இதற்குச் சான்று தேடி வேறெங்கும் செல்லவேண்டுவதில்லை. எம் பிழையே சான்று. கடந்த டிசம்பரில் ஓரிரவு எம் பாடற்குழுவினர் முப்பது வீடுகளுக்குச் செல்வதாகத் திட்டமிட்டோம். வீட்டுக்கு இரண்டு பாட்டு, ஒரு சிறு ஜெபம், காணிக்கை உறை, கைப்பேசியில் ஒரு படம். உடனே வேனில் ஏறுதல். இருபத்தெட்டாம் வீட்டில் நட்சத்திர விளக்கு இல்லை. அவ்வாண்டே கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் தனித்திருந்தார். யாம் பாடி முடித்ததும், "தம்பிமாரே, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள், வீட்டில் மனிதக் குரல் கேட்டு நாளாயிற்று" என்றார். எம்முள் ஒருவர் கடிகாரத்தை நோக்கி, "நேரமாயிற்று, பாட்டி; இன்னும் இரண்டு வீடு இருக்கின்றன" என்றார். மற்றையோர் வாளாவிருந்தோம். முப்பது வீடும் முடிந்தன; காணிக்கையும் சென்ற ஆண்டினும் மிகுந்தது. ஆயினும் அவ்விரவு எமக்கு உறக்கம் வரவில்லை. யாம் கொடியோம் அல்லோம். அன்றிரவு எம்மிடத்தில் இடமில்லை.

குடில் அமைக்கும் வழக்கத்தையும் ஈண்டு எண்ணிப் பார்ப்போம். 1223-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் கிரெச்சியோ என்னும் சிற்றூரில், அசிசி நகர்ப் பிரான்சிசு அடிகள் தீவனத் தொட்டியும் வைக்கோலும் எருதும் கழுதையும் கொண்டு அக்காட்சியை அமைத்தார். பாலகர் பட்ட எளிமையைச் சனங்கள் கண்ணாற் காணவேண்டுமென்பதே அவர் நோக்கம். வறுமையைக் காட்ட எழுந்த குடில், இன்று யார் குடில் பெரிதென்னும் போட்டிக்கு ஆளாகியுள்ளது.

நம் அயலாரிடத்தும் கற்கவேண்டுவதொன்றுண்டு. அதே மார்கழியில் அவர்கள் வைகறையில் துயிலெழுந்து, திருப்பாவையின் முப்பது பாசுரங்களை நாளுக்கொன்றாக ஓதுகின்றனர். தமிழ் பயிலும் யாம் அவ்வொழுங்கைக் கண்டு வியக்கின்றோம். நமக்கும் அத்தகைய ஒழுங்கு இல்லாமலில்லை. திருநாளுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய வருகைக் காலம் காத்திருத்தற்கென்றே வகுக்கப்பட்டது. நாமோ காத்திருக்கவேண்டிய காலத்திலேயே விருந்துண்டு களைத்து, திருநாளன்று அதிகாலை ஆராதனையில் கண்ணயர்கின்றோம்.

ஆதலின் மாணவ நண்பர்முன் மூன்று கருத்துக்களை வைக்கின்றோம். முதலாவது, லூக்கா சுவிசேஷத்தின் முதலிரண்டு அதிகாரங்களில் 132 வசனங்கள் உள்ளன. நாளொன்றுக்கு ஆறு வசனம் வாசித்தால் 22 நாட்களில் முடியும். வருகைக் காலம் மிகக் குறுகிய ஆண்டிலும் 22 நாட்கள் உடையது. எனவே நேரமில்லையென்பது பொருந்தாது. இரண்டாவது, பவனியில் வீடுகளைப் பாதியாகக் குறைத்து, துக்கமும் தனிமையும் உள்ள இல்லங்களில் அமர்ந்து பேசி வருவோம். காணிக்கை குறையினும் குறைக. மூன்றாவது, புத்தாடை இரண்டு எடுப்போர் ஒன்றை இல்லாதார்க்குத் திருநாளுக்கு முன்னரே கொடுப்போம். எஞ்சியதைப் பின்னர்க் கொடுப்பது ஈகையாகாது.

விளக்குகள் எரியட்டும், பலகாரமும் மணக்கட்டும். இவற்றினிடையே ஓரிடம் மட்டும் ஒழிவாயிருக்கட்டும். வருகின்ற டிசம்பரில் எம் குழுவினர் அம்மூதாட்டியின் இல்லத்திலிருந்தே பவனியைத் தொடங்குவதென்று தீர்மானித்துள்ளோம். அங்கே கடிகாரத்தைப் பாராதிருக்க ஆண்டவர் எமக்கு அருள்புரிவாராக.