பெரிய டாக்டர் மோகம்

ஊர்ல அம்மாவுக்கு ரெண்டு வாரமாத் தூக்கமில்லைன்னு போன் வந்தா, "அங்க டாக்டர் என்ன சொன்னார்?"னு நம்ம ஆளுங்க கேட்கிறதில்லை. "அவருக்கென்ன தெரியும், கிளம்பி வந்துடுங்க, நிமான்ஸ்ல காட்டிடலாம்." அவ்வளவுதான். சேலத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ ராத்திரி பஸ், விடிஞ்சதும் ஓசூர் ரோட்டில் கியூ, நமக்கு ரெண்டு நாள் லீவு. பேங்க்காரன் புத்தி, கணக்குப் போடாம இருக்க முடியலை. மாத்திரைச் செலவைவிட வந்துபோற செலவு அதிகம்.

இதுல தமாஷ் என்னன்னா, அதே நிமான்ஸ் 2014-லிருந்து நேர் எதிரான வேலை ஒண்ணு பண்ணுது. நோயாளியை இங்கே இழுக்காம, தனக்குத் தெரிஞ்சதை அங்கே அனுப்புறது. 'எக்கோ'ன்னு பேர். குறிச்ச நாளில் வீடியோவில் கூடுவாங்க. சத்தீஸ்கர் மாதிரி மாநிலத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், தன்னிடம் வந்த ஒரு கேஸை, பேர் சொல்லாம எடுத்து வைப்பார். நிபுணர்கள் மட்டுமில்லை, மற்ற ஊர் டாக்டர்களும் கேள்வி கேட்பாங்க. ஆனா வைத்தியம் பார்க்கிறது கடைசிவரை அந்த ஊர் டாக்டர்தான்.

"வீடியோவுல கத்துக்கிட்டு வைத்தியமா, சார்?"னு ஆபீஸ்ல ஒருத்தர் நக்கலடிச்சார். அவருக்காக இது: இந்த முறையை 2003-ல் ஆரம்பிச்சவர் சஞ்சீவ் அரோரா, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கல்லீரல் டாக்டர். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாசக்கணக்கில் காத்துக் கிடந்தாங்க. கிராமத்து டாக்டர்களையும் ஜெயில் டாக்டர்களையும் சேர்த்துக்கிட்டார். 2011-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வெளிவந்தது. பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் வைரஸ் நீங்கினவங்க 57.5 சதவீதம். அந்தக் கிராமத்து, ஜெயில் டாக்டர்களிடம் 58.2. போதுமா, சார்?

ஆபரேஷன், அவசரம்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான் வேணும். நான் அதைச் சொல்லலை.

என் கோபம் ரெண்டு பேர் மேல. முதல்ல அரசாங்கங்கள். வெளியே நூறு பேர் நிக்கும்போது எந்த டாக்டர் நிம்மதியா வகுப்பில் உட்காருவார்? அந்த நேரத்தை டியூட்டியாக் கணக்குல எழுதணும், பதிலுக்கு ஆள் போடணும். இல்லைன்னா எங்க பேங்க் டிரெயினிங் கதைதான். லோன் பாடம் படிச்சிட்டு வந்தவனை மறுநாளே கேஷ் கவுண்டரில் உட்கார வைப்பாங்க.

அடுத்தது நாம. லாபி மார்பிளைப் பார்த்து, ஸ்டார் டாக்டர் பேரைக் கேட்டு மயங்குறோம். "இங்க டாக்டருங்க வாராவாரம் உட்கார்ந்து சிக்கலான கேஸைப் பேசுவாங்களா?"ன்னு எத்தனை பேர் கேட்டிருப்போம்? உள்ளூர் டாக்டர் "கேட்டுச் சொல்றேம்மா"ன்னா உடனே 'விஷயம் தெரியாதவர்'னு முத்திரை. கேட்டுச் சொல்ற டாக்டர்தான் எங்க அம்மாவுக்கு வேணும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப எங்க தாலுகா ஆஸ்பத்திரி டாக்டரிடம், இப்படி ஏதாவது வகுப்பில் சேர்ந்திருக்கீங்களான்னு கேட்கப் போறேன். மரியாதையாத்தான்.