எந்தத் துளைக்கு எந்த ஒயர்?

கம்ப்யூட்டரை டி.வி.யுடன் இணைக்கத் தேவை விலை உயர்ந்த கேபிள் அல்ல, பொருத்தமான கேபிள்

டில்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி தெரு. ஊர் எதுவானாலும் கடையில் கேட்பது ஒன்றுதான்: "கம்ப்யூட்டரை டி.வி.யில் மாட்ட ஒரு ஒயர் கொடுங்கள்." நல்ல கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: "கம்ப்யூட்டரில் என்ன துளை இருக்கிறது? டி.வி.யில்?" பலர் விழிப்பது இங்கேதான். பிறகு கையில் கிடைத்ததை வாங்கிப் போய், பொருந்தாமல் மறுநாள் திரும்பி வருவார்கள்.

டி.வி.யைக் கம்ப்யூட்டர் திரையாக்குவது புதிய யோசனை அல்ல. 1982-ல் பிரிட்டனில் வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்ற சின்னக் கம்ப்யூட்டருக்குத் தனித் திரையே கிடையாது, வீட்டு டி.வி.யின் ஆன்டெனா துளையில்தான் அதைச் செருக வேண்டும். அதன் பிறகு பல வகைத் துளைகள் வந்துவிட்டன. 2020-ல் பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் லாப்டாப்புக்கு மாறியபோது, பிள்ளைகளுக்குப் பெரிய திரை வேண்டும் என்று நினைத்த பெற்றோர் பலருக்கும் இந்தக் குழப்பம் அறிமுகமானது.

துளைகளை அடையாளம் காண்பது கடினமல்ல. மூன்று வரிசையில் 15 ஓட்டைகளுடன், இருபுறமும் திருகு மாட்டும் இடத்தோடு இருப்பது வி.ஜி.ஏ. ஐ.பி.எம். நிறுவனம் 1987-ல் கொண்டுவந்தது. இது படத்தை மட்டுமே கடத்தும். ஒலிக்குத் தனி ஒயர் வேண்டும். தட்டையாக, கீழ்ப்பக்கம் குறுகியிருப்பது எச்.டி.எம்.ஐ. 2002 இறுதியில் இதன் முதல் விதிமுறை வெளியானது. படம், ஒலி இரண்டும் ஒரே ஒயரில் போகும். இரு பக்கமும் இந்தத் துளை இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். ஏறக்குறைய அதே அளவில் ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டிருந்தால் அது டிஸ்ப்ளேபோர்ட்.

புதிய லாப்டாப்களில் இருக்கும் நீள்வட்டத் துளை யு.எஸ்.பி.-சி. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் எல்லா யு.எஸ்.பி.-சி துளைகளும் படத்தை அனுப்பாது. சில சார்ஜ் ஏற்றவும் ஃபைல்களை மாற்றவும் மட்டுமே. லாப்டாப்பின் விவரக் குறிப்பில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்றோ 'தண்டர்போல்ட்' என்றோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதற்கான ஒயரை வாங்க வேண்டும். டி.வி.யில் இருக்கும் சாதாரண யு.எஸ்.பி. துளையோ பென் டிரைவுக்கானது. அதில் கம்ப்யூட்டரை மாட்டினால் படம் வராது.

துளைகள் வேறுபட்டால் அடாப்டர் தேவை. இங்கே அதிகம் ஏமாறுவது திசையில். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும் ஒயரைத் திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. பழைய கம்ப்யூட்டரின் வி.ஜி.ஏ.யைப் புதிய டி.வி.யின் எச்.டி.எம்.ஐ.யோடு இணைக்க வெறும் ஒயர் போதாது; அனலாக் சிக்னலை டிஜிட்டலாக மாற்றும் சிறு பெட்டி வேண்டும். அதற்கு மின்சாரம் தர ஒரு யு.எஸ்.பி. முனையும், ஒலிக்கு ஒரு முனையும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அடுத்தது விலை. தங்க முலாம் பூசிய முனை, தடித்த உறை என்று சொல்லிப் பல மடங்கு விலையில் எச்.டி.எம்.ஐ. கேபிள்கள் விற்கப்படுகின்றன. இதில் போவது டிஜிட்டல் சிக்னல். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாக வரும். சேராவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் மின்னும் அல்லது திரை இருண்டு இருண்டு வரும். விலை கூடினால் நிறம் கூடாது. பார்க்க வேண்டியது வேகத்தை. சாதாரண முழு எச்.டி. படத்துக்கு 'ஹை ஸ்பீட்' என்று எழுதிய கேபிள் போதும். 4கே படம் வினாடிக்கு 60 முறை மாறி வர வேண்டுமானால் 'பிரீமியம் ஹை ஸ்பீட்', அதாவது 18 கிகாபிட் வேகம். 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' 48 கிகாபிட் வரை தாங்கும். நீளம் கூடக் கூட சிக்னல் தளரும் என்பதால், தேவையான நீளத்துக்கு மேல் வாங்குவது வீண்.

கேபிள் தவறினால் போவது சில நூறு ரூபாய். எர்த் தவறினால் செலவு பெரிது. நம் வீடுகள் பலவற்றில் மூன்று முனை பிளக் இருக்கும். மூன்றாவது முனைக்குப் பின்னால் எர்த் இருக்காது. அப்போது கம்ப்யூட்டரின் உலோகப் பெட்டியில் மெல்லிய கசிவு மின்சாரம் நிற்கும். தொட்டால் விரலில் 'சுரீர்' என்பது அதனால்தான். டி.வி.யின் பின்னால் கேபிள் டி.வி. ஒயரோ டிஷ் ஒயரோ இருந்தால் அது வேறொரு இடத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இரண்டையும் இணைக்கும் கணத்தில் அந்த வித்தியாசம் எச்.டி.எம்.ஐ. துளை வழியாகப் பாய்ந்தால் துளை கருகிவிடக் கூடும். அது மதர்போர்டோடு சேர்ந்தது என்பதால் பழுதுச் செலவு கையைக் கடிக்கும்.

இரண்டு பிளக்குகளையும் பிடுங்கி, டிஷ் ஒயரையும் கழற்றிவிட்டு, எச்.டி.எம்.ஐ.யை மாட்டிய பிறகு மற்றவற்றைச் செருகுவதே பாதுகாப்பு. 'சுரீர்' தொடர்ந்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

எல்லாம் மாட்டியும் படம் வராவிட்டால், உடனே கேபிளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. டி.வி. ரிமோட்டில் 'சோர்ஸ்' பட்டனை அழுத்தி, ஒயர் செருகிய எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் பட்டனோடு 'பி'யை அழுத்தினால், படம் எந்தத் திரையில் தெரிய வேண்டும் என்று கேட்கும். ஒலி வராவிட்டால் ஸ்பீக்கர் பட்டியலில் டி.வி.யின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் டி.வி.யின் பட அளவு அமைப்பை மாற்றினால் போதும்.

கடைக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்றே: கம்ப்யூட்டர், டி.வி. இரண்டின் துளைகளையும் செல்போனில் படம் எடுத்து, இடையிலுள்ள தூரத்தை அளந்துகொள்வது. அந்த இரண்டு படங்களையும் காட்டினால் கடைக்காரரின் கேள்விக்குப் பதில் தயார்.