கீரை முளைத்த இடம்

அண்மைக் காலமாக நம் மொழிக் கழக விழாக்களில் ‘தோட்டத்து உணவு’ என்றொரு மேசை தவறாமல் இடம்பெறுகிறது. மணத்தக்காளிக் குழம்பு, வல்லாரைத் துவையல், முருங்கைக்கீரைப் பொரியல் எல்லாம் சுவையாகவே இருக்கின்றன. மேசைக்குப் பின்னால் தொங்கும் அட்டையில் மட்டும் ஏறக்குறைய ஒரே வாசகம்: நம் முன்னோர் தோட்டத்தில் பறித்து உண்டார்கள், நாமும் பறித்து உண்போம். அந்த ‘நாமும்’ என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

என் பாட்டி நெகிரி செம்பிலானில், லாபு வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் மருந்தடிக்கும் வேலை செய்தவர். களைக்கொல்லி நஞ்சைத் தோட்டத்தில் ‘மருந்து’ என்றுதான் சொல்வார்கள். தமிழ் எவ்வளவு இரக்கமுள்ள மொழி, பாருங்கள்! சிறுவயதில் நாங்கள் கீரையோடு வீட்டுக்குள் நுழைந்தால், அது என்ன கீரை என்று அவர் கேட்டதே இல்லை. “எங்கடி பறிச்ச?” என்பதே முதல் கேள்வி. மரத்தைச் சுற்றிய வட்டத்திலா, அறுவடைப் பாதையோரமா, மருந்து கலக்கும் தொட்டிக்குக் கீழே ஓடும் கால்வாயிலா? இவற்றில் எதைச் சொன்னாலும் கீரை குப்பைக்குப் போகும். லயத்து வீட்டுக் கொல்லையில் பறித்தது என்றால் சட்டிக்குப் போகும். எந்த நிரையில் எந்த நாள் மருந்து அடித்தார்கள் என்பது பாட்டிக்குத் தெரியும். அடித்தவரே அவர்தானே!

நம் மேசைகளில் இல்லாத அறிவு இதுதான். கீரையின் பெயர் புத்தகத்தில் கிடைக்கும். அது முளைத்த மண்ணின் கதை அங்கே வேலை செய்தவரிடம் மட்டுமே கிடைக்கும்.

தோட்டங்களில் பல்லாண்டுகள் பாராகுவாட் பயன்பட்டது. மருந்தடித்த பெண்களின் நிலையைத் தெனாகானித்தா அமைப்பு 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. மூக்கில் இரத்தம், கண் எரிச்சல், தோல் புண், நகம் கெட்டுப்போதல் எனப் பாட்டிமார் அடுப்படியில் பேசிக்கொண்டவை அச்சில் ஏறின. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி முதல் நாளில்தான்.

தடை நல்லதே. ஆயினும் கீரை பறிப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாராகுவாட் பட்ட இலை வெயிலில் ஓரிரு நாளுக்குள் கருகிவிடும், பார்த்தவுடன் தெரியும். கிளைபோசேட் அப்படியல்ல. அது செடிக்குள் இறங்கி மெதுவாகக் கொல்வது. தெளித்த பின்னரும் இலை பல நாள் பச்சையாகவே நிற்கும். ஆகவே ‘கருகவில்லையே, பறிக்கலாம்’ என்ற கண் கணக்கு இன்று உதவாது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரைக் கேட்காமல் செம்பனைக்கடியில் எதையும் பறிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காளான் கதை இதைவிடக் கடுமையானது. மழைக்குப் பின் கறையான் புற்றில் கிளம்பும் புற்றுக்காளானை மலாய்க்காரர்கள் ‘செண்டாவான் பூசுட்’ என்பார்கள். அதன் காம்பு வேர்போல நீண்டு மண்ணுக்குள் புற்றுவரை இறங்கும். அதே மழையில் புல்தரையில் இன்னொரு காளான் குடை விரிக்கும்: வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில், காம்பில் வளையம். இதற்கு அறிவியலில் குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ் என்று பெயர். உண்டவர் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியுமாகக் கிடப்பார். குடையை வெள்ளைத்தாளில் ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் பச்சை நிறத் தூள் படியும். பச்சை விழுந்தால் நஞ்சு என்று அறியலாம். விழவில்லை என்பதற்காக உண்ணலாம் என்று பொருளில்லை! மஞ்சள் போட்டு வேகவைத்தால் நஞ்சு முறியும், வெள்ளிக் கரண்டி கறுக்காவிட்டால் நல்லது, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்று நம் வீடுகளில் சொல்லப்படும் மூன்றுமே பொய்.

அனுபவசாலிக்கும் இடம் மாறினால் ஆபத்துதான். ஆலையில் பழம் பிரித்தபின் எஞ்சும் செம்பனை வெறுங்குலைக் குவியலில் வளரும் காளான், ஆசியச் சமையலில் புகழ்பெற்ற வைக்கோல் காளானேதான். அதன் அடியில் பை போன்ற உறை இருக்கும். கொடிய அமனிட்டா வகைக்கும் அதே உறை உண்டு. 2011ஆம் ஆண்டின் கடைசி இரவில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், சீனச் சமையற்காரர் ஒருவர் உள்ளிட்ட இருவர் அமனிட்டா காளானை உண்டு, சில நாளில் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். வைக்கோல் காளான் என்று எண்ணியே சமைத்திருப்பார் எனக் கருதப்பட்டது. சமையலே தொழிலான மனிதர்! இவ்வகை நஞ்சு வேகவைத்தாலும் போகாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்தே வாந்தி தொடங்கும். இடையில் தேறியதுபோல் காட்டும். காளான் உண்டு வாந்தி எடுத்தவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எஞ்சிய காளானையும் உண்ட நேரத்தையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள்.

தமிழ்ப்பள்ளியில் வல்லாரை படித்தேன். இடைநிலைப்பள்ளியில் மலாய்த் தோழி உலாமாகக் கொண்டுவந்த பெகாகாவைத் தின்றேன். இரண்டும் ஒரே செடி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தோட்டத்து மூத்தோருக்கு இப்படிப் பிரித்து வைக்கத் தெரியாது. அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த அறிவோடு அண்டை வீட்டாரின் அறிவையும் சேர்த்துக்கொண்டவர்கள். காடோங் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லியதாகச் சீவி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து நஞ்சைப் போக்கிய பிறகே மலாய்க்காரரும் பூர்வகுடியினரும் அதை உண்பார்கள். இது நம் ஊர் வைத்திய நூல்களைப் புரட்டித் தெரிந்துகொள்ளக்கூடியதா?

நீலாயிலும் லாபுவிலும் தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. மருந்தடித்த கைகள் இன்று அடுக்குமாடி வீடுகளில் தொலைக்காட்சி முன் ஓய்ந்திருக்கின்றன. நம் கழகம் அடுத்த உணவு மேசைக்குச் செலவிடும் பணத்தில் நான்கு குறிப்பேடுகள் வாங்கட்டும். உறுப்பினர்கள் விடுமுறையில் அவரவர் வட்டாரத்து மூத்தோரிடம் சென்று அமரட்டும். தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், முளைத்த இடம், பறித்த பருவம், பறிக்கக் கூடாத இடம், சமைத்த முறை என்று ஆறு பத்திகள் போதும். ஐந்தாவது பத்தியை மட்டும் கொஞ்சம் அகலமாகக் கோடிடுங்கள். என் பாட்டி பேசத் தொடங்கினால் அது நிரம்பி வழியும்.